டோக்கன் நாற்பத்தொன்று

முதல் பதினாறு பக்கம் கிடையாது.
அதனால் நோய் எப்படித் தொடங்கியது என்று எனக்குத் தெரியாது.
பதினேழில் ஏற்கெனவே
ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

மன்னார்குடி பேருந்து நிலையத்துப் பழைய புத்தகக்காரன்
முப்பது சொன்னான், இருபதுக்குக் கொடுத்தான்.
கோட்டூர் கொள்முதல் நிலையத்தில் இது ஒன்பதாம் ராத்திரி.
ஈரப்பதம் பத்தொன்பது என்றது மெஷின்.
பதினேழுக்கு இறங்கும்வரை
என் குவியலுக்கு நானே காவல்.
மேலே ஐப்பசி மூட்டம்,
கையில் செல்போன் வெளிச்சம்,
அதில் நடைப்பிணங்கள்.

பனி கொட்டும் ஊர் அது.
கோடாரி வைத்திருக்கிறாள் ஒருத்தி.
அவளை யாரும் யார் வீட்டுப் பெண் என்று கேட்பதில்லை.
மண்டையில் ஒரு போடு, அடுத்த பக்கம்.
மண்டையில் ஒரு போடு, அடுத்த பக்கம்.
எனக்குப் பிடித்திருக்கிறது.
பயிர்க்கடன் வருகிற கதைகளை
நான் படிக்காமலே அறிவேன்.

ஆனாலும் அவளுக்கு யோசனை போதாது.
தார் ரோட்டில் நின்று வெட்டுகிறாளே,
சேற்றுக்கு இழுத்திருக்க வேண்டாமா?
எங்கள் களிமண்ணில், தண்ணீர் கட்டி உழுத வயலில்
காலை எப்படிப் பிடுங்கி வைப்பதென்று
செத்தவனுக்கு யார் சொல்லித் தந்தது?
நூறு பேர் இறங்கினால் நூறு பேரும்
நட்ட நாற்றாக நிற்பார்கள்.
அப்புறம் ஆத்தூர்க்காரன் பெல்ட் வண்டி.
மணிக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு,
டிரைவருக்கு பரோட்டா தனி.
மாவுக்கு இருபது நிமிடம்.
வைக்கோல் ஒரு பக்கம்,
மற்றதெல்லாம் ஒரு பக்கம்.
மிஞ்சியவர்களுக்கு
பாமணியாற்று ஷட்டரைத் தூக்கிவிடலாம்,
மேட்டூரில் தண்ணீர் இருக்கிற வருஷமாக இருந்தால்.

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.
வேலி சரிகிறது.
கிடங்கில் துணி மூடிக் கிடந்தவை
ஒவ்வொன்றாக அசைகின்றன.
அவள் கோடாரியைத் தேடுகிறாள்,
அது கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது,
கதவு

ஒரு துளி, சரியாக அந்தச் சொல்லின் மேல்.
இன்னொன்று என் கழுத்தில்.
நிமிர்ந்தேன்.
களம் முழுக்கத் தார்ப்பாய்கள் அசைந்தன.
பக்கிரிசாமி எழுந்தார், வாயைத் திறந்தபடி.
ஜபருல்லா எழுந்தார், கண்ணைத் திறக்காமலே.
தலைவிரி கோலமாக அமிர்தவல்லி,
ஒரு கால் இழுத்து இழுத்து.
அவர்களுக்குப் பின்னால் இன்னும், இன்னும்,
பெயர் தெரியாத தென்பரைக்காரர்கள்,
கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு
ஒரு பேச்சும் இல்லாமல்
எல்லோரும் என்னைப் பார்த்து வந்தார்கள்.

கத்தத்தான் வாயெடுத்தேன்.

என் குவியல்தான் பள்ளத்தில் இருந்தது.

பிறகு நடந்தது வரிசையாக நினைவில்லை.
தார்ப்பாயின் நாலு முனையில் பத்துப் பதினைந்து கை.
அந்தாண்ட இழு, அந்தாண்ட. காத்து மேக்கால அடிக்குது.
மண்வெட்டியால் யாரோ மடை வெட்டினார்கள்.
யாரோ என் பாதத்தை மிதித்துக்கொண்டே நின்றார்கள்.
தெற்கு மூலையில் நெல் கரைந்து ஓடுவதை
பக்கிரிசாமி குப்புறப் படுத்து
மார்பால் மறித்தார்.
மின்னலில் ஒருமுறை எல்லோர் பல்லும் தெரிந்தது.

விடிந்தபோது ஈரப்பதம் இருபத்திரண்டு.
மூன்று மூட்டை போய்விட்டது. மூன்றுதான்.
புத்தகம் இட்லியாக உப்பியிருந்தது.
இருநூற்றுப் பன்னிரண்டுக்கு மேல்
ஏடு ஏட்டைவிட மாட்டேன் என்றது.
நெல்லோரமாய் அதையும் வெயிலில் போட்டேன்,
அரைமணிக்கொருதரம் காலால் கிண்டிவிட்டேன்.

சேலையைப் பிழிந்துகொண்டே அமிர்தவல்லி கேட்டாள்,
என்ன கதை?
செத்தவர்கள் எழுந்து வந்து
மனிதர்களைத் தின்கிறார்கள் என்றேன்.
கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு, பிழிந்த முந்தானையை உதறி,
எத்தனை நாளா சாப்புடலயாம் அதுங்க?

தெரியவில்லை.
அது முதல் பதினாறு பக்கத்தில்
இருந்திருக்கலாம்.